நாகையில் வாடகை வீடு தேடுகிறவர்கள் தண்ணீரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

நாகப்பட்டினத்தில் வீடு தேடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தரகர் சொல்லும் வாடகையோடு செலவு முடிந்துவிடாது. கடலோரத் தெருக்களில் கோடை வந்தால் தண்ணீருக்கென்று தனியாக ஒரு வாடகை கட்ட நேரும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்களிடம் மறைத்தே விட்டார்கள்.

2023 மார்கழியில் வீட்டைக் காட்டினார்கள். மாடி வீடு, மாத வாடகை 9,000 ரூபாய், முன்பணம் 50,000. வாசலில் நகராட்சிக் குழாய் இருந்தது. "கொள்ளிடம் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், போரிலும் நல்ல தண்ணீர்தான்" என்றார் உரிமையாளர். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. குடித்தும் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

அந்தக் குழாய்க்கு நகராட்சி இணைப்பே கிடையாது. மாடித் தொட்டியிலிருந்து ஒரு கிளை இழுத்து வாசலில் பொருத்தியிருந்தார்கள். தொட்டியை லாரித் தண்ணீரால் நிரப்பித்தான் வீடு பார்க்க வருகிறவர்களை அழைத்து வந்திருக்கிறார்கள். கீழ் வீட்டு அக்கா இதைச் சொன்னபோது பங்குனி பிறந்துவிட்டது. அவர்களும் அப்படித்தான் குடிவந்தார்களாம்.

போர் தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் பாதிதான் உண்மை. எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை நிலத்தில் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கும். மழை முடிந்த கையோடு இறைத்தால் எந்தப் போரும் நல்ல போர்தான். வெயில் ஏற ஏற அந்தப் படலம் தீர்ந்து உப்பு மேலே வரும். ஆற்றில் தண்ணீர் ஓடினாலாவது நிலத்தடிக்குக் கொஞ்சம் ஊறும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு விட்ட தண்ணீரை 2023 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் அணை, 2024-ல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. அந்தக் கோடையில் எங்கள் வீட்டுத் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,800 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம். துவைத்த துணியெல்லாம் விறைத்தது, குழந்தைக்குத் தோல் அரிப்பு வந்தது.

பிறகு லாரி வந்தது. "தண்ணீர்ச் செலவு குடியிருப்பவர்களுடையது" என்றார் உரிமையாளர். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. லாரிக்கும் குடிநீர்க் கேனுக்குமாக மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் போனது. பொது மோட்டார் எங்கள் மின் மீட்டரில் ஓடியதும் அப்போதுதான் தெரியவந்தது. கேட்டதற்கு மோட்டாரையே நிறுத்திவைத்தார். வீட்டைக் காலி செய்தபோது, துருப்பிடித்த குழாய்களை மாற்றிய செலவு என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். உப்பு அரித்த குழாய்க்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?

வீட்டு உரிமையாளர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் மோட்டார் சீக்கிரம் பழுதாகும். போரை இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்ற உறுதியும் இல்லை. இந்தச் செலவை வெளிப்படையாகச் சொல்லி வாடகையைக் கூட்டிக் கேட்டிருந்தால், கட்டுப்படியாகுமா என்று நாங்கள் யோசித்து முடிவெடுத்திருப்போம். பொய்க் குழாய் வைத்தது ஏமாற்று வேலை.

வீடு பார்க்கும்போது நகராட்சிக் குடிநீர்க் கட்டண ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் இணைப்பும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரைப் பார்க்காமல், மோட்டாரைப் போடச் சொல்லி போரிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துச் சோதியுங்கள். முடிந்தால் சித்திரை, வைகாசியில் வீடு தேடுங்கள். லாரிச் செலவு யாருடையது, மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் அதன் பதிவும் கையில் இருக்கட்டும். லாரிக்காரர்கள் பெரும்பாலும் ரசீது தருவதில்லை. ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ அனுப்புங்கள். முன்பணத்துக்காக நாங்கள் மனு தயாரித்தபோது, கையில் இருந்த கணக்கு அது ஒன்றுதான்.