புது றாம் என்று தலையில் கட்டிய பழைய சிப்: மட்டக்களப்பில் லெப்டொப் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம்

கல்லடியில் வீட்டிலிருந்தே கலியாணக் கார்ட், நோட்டீஸ், பதாகை டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். லெப்டொப் டிடிஆர்3 என்ற பழைய ரக றாம் (தற்காலிக நினைவகம்) வந்த காலத்துப் பழசு. 4 ஜிபி றாமோடு ஃபோட்டோஷொப் மூச்சு வாங்கியதால், அதைக் கழற்றிவிட்டு டவுனில் ஒரு கடையில் 8 ஜிபி வாங்கிப் போட்டேன். "புத்தம் புதுசு தம்பி, ஒரு வருச வாறண்டி" என்றார் கடைக்காரர். 7,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசியில் கிறுக்கித் தந்தார். நானும் பேசாமல் மடித்து பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் கிழமை நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள், முந்தின இரவு சேவ் செய்த மணமகளின் படத்தைத் திறந்தால் கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இன்னொரு நாள் ஸிப் கோப்பு விரியவில்லை. இடையிடையே விண்டோஸ் நின்று நீலத்திரை. றாம் பழுதானால் லெப்டொப் ஓன் ஆகாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி ஒரேயடியாகப் போனால் புண்ணியம். இது அரைகுறைப் பழுது. ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் சேவ் செய்யும் கோப்புக்குள் பிழையையும் சேர்த்து எழுதிவிடும். பக்அப் எடுத்தாலும் அந்தப் பிழைக் கோப்புத்தான் பக்அப்பில் போய் உட்காரும்.

கடைக்குக் கொண்டுபோனேன். "உங்கட மதர்போர்ட் பழசு தம்பி, புது றாமைத் தாங்குதில்ல. விண்டோஸ் மாத்திப் பாப்பம், 2,000 தாங்க" என்றார். கொடுக்கவில்லை, நல்ல காலம்.

மெம்டெஸ்ட்86+ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே லெப்டொப்பைத் தொடக்கி இரவு முழுக்க ஓடவிட்டேன். படுக்கப் போகுமுன் பார்த்தபோது முதல் சுற்று சுத்தம். விடிய எழும்பினால் திரை நிறையச் சிவப்பு வரி. எல்லா வரியிலும் பிழைத்தது அதே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவு). சூடேறினால்தான் குளறுகிறது போல. அடுத்த இரவு அதே ஸ்லொட்டில் என் பழைய 4 ஜிபியைப் போட்டு ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. பாவம், போர்ட்டைத்தான் குற்றம் சொன்னார்கள்.

பிறகு றாமின் ஸ்டிக்கரை உரித்து, போன் கமராவில் பெருப்பித்துப் பார்த்தேன். பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப். 15 ஸம்சுங் சிப், ஒன்று மட்டும் ஹைனிக்ஸ் என்ற வேறு கம்பனி. ஸம்சுங் சிப்பில் திகதிக்கு மூன்று இலக்கம் இருக்கும்: முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், மற்ற இரண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது கிழமை என்பது. ஒன்றில் 325, பக்கத்திலேயே 541. 2013இல் செய்ததும் 2015இல் செய்ததும் ஒரே பலகையில்! அந்த ஹைனிக்ஸின் ஓரத்தில் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டப் பூசும் பசை) மஞ்சள் பிசினாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கோ கழற்றிய சிப்பை இதில் ஒட்டியிருக்கிறார்கள். கம்பனியில் இருந்து வரும் றாமில் இப்படிக் கலவன் சிப் இருக்காது.

பழைய சிப்பைக் கழற்றிப் பாவிப்பதை நான் குறை சொல்லவில்லை. பென் டிரைவ், எஸ்எஸ்டி சிப்புகள் எழுத எழுதத் தேயும். றாம் சிப்புக்கு அந்தத் தேய்மானம் கிடையாது, கவனமாக எடுத்தால் பல வருசம் உழைக்கும். கழற்றும் விதத்தில்தான் விசயம் இருக்கிறது. சிப்புக்குக் கால் இல்லை, அடியில் குட்டிக் குட்டி ஈயக் குண்டுகள். ஹொட் எயார் அடித்துக் கழற்றி, பழைய ஈயத்தைத் துடைத்து, அச்சுத் தகடு வைத்துப் புதுக் குண்டு பதித்து, திரும்பவும் சூடு காட்டி ஒட்டவேண்டும். எங்கள் வாவிக்கரை ஈரக்காற்றில் கிடந்த சிப்பை முதலில் உலர்த்தாமல் சூடு காட்டினால், உறிஞ்சிய ஈரம் உள்ளே ஆவியாகி வெடிப்பு விடும். இவ்வளவும் செய்தவர்கள் ஓர் இரவு சோதித்துப் பார்க்கவில்லை, புதுசு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதுதான் களவு.

திரும்பப் போய்ப் படங்களைக் காட்டினேன். "ஸ்டிக்கரக் கிழிச்சிப்போட்டீங்களே, இனி வாறண்டி இல்ல." அவ்வளவுதான் பதில்.

கடைசியில் காத்தான்குடியில் லெப்டொப் திருத்தும் ஒரு காக்காவிடம் போனேன். உடைந்த லெப்டொப்பில் இருந்து கழற்றிய 8 ஜிபி ஒன்றை எடுத்து, "இது பழசு தம்பி, 3,000 தாங்க. டெஸ்ட் பண்ணிட்டு எடுங்க" என்றார். அங்கேயே ஓடவிட்டு, இரண்டு தேத்தண்ணி குடித்து முடித்து, அஸர் தொழுகைக்கு அவர் பள்ளிக்குப் போய் வரும்வரை காத்திருந்து எடுத்து வந்தேன். இன்றுவரை ஒரு கோப்பும் கெடவில்லை.

நீங்களும் அண்மையில் டவுனில் றாம் போட்டிருந்தால், சிபியு-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தை (றாமுக்குள் பதிந்திருக்கும் விபரம்) திறந்து பாருங்கள். ஸ்டிக்கரில் ஒரு கம்பனியும் அங்கே வேறு கம்பனியும் இருந்தால், அல்லது தொடர் இலக்கம் வெறும் பூச்சியமாக இருந்தால் சந்தேகப்படுங்கள் (எனக்கு இரண்டும் இருந்தது). மெம்டெஸ்டை ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். ஸ்டிக்கரை உரிக்க முதல் கடைக்காரரின் கண் முன்னால் பிழையைக் காட்டிவிடுங்கள், நான் அதில்தான் கோட்டை விட்டேன்.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். அதோடு இணைக்க என்னிடம் உள்ளது அந்தத் துண்டுக் கடதாசிதான்: "றாம் 8 – 7500". கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.