பால்கனியும் ஹாலும் ஒரே மட்டம்: ரெராவுக்குப் போவதா, நுகர்வோர் ஆணையத்துக்கா?

எங்கள் அடுக்குமாடியில் கீழிருந்து மேல்வரை ஒரே வரிசையில் நான்கு வீடுகள். நான்கிலும் ஒரே குறை. பால்கனித் தளம் ஹால் தளத்தின் மட்டத்திலேயே இருக்கிறது. போதாததற்கு, தண்ணீர் வடிவதற்கான வாட்டமும் ஹாலைப் பார்த்து இருக்கிறது. கதவுக்கு மேல் சன்ஷேட் கிடையாது. வெளித்தோற்றம் பெட்டி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்று அதை விட்டுவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை காற்றோடு சாய்ந்து அடித்தால், ஸ்லைடிங் கதவின் தடத்தைத் தாண்டித் தண்ணீர் சோபாவுக்கு அடியில் வந்து நிற்கும்.

பில்டரோடு பேசிப் பேசிப் பலன் இல்லாமல், நான் ரெரா என்கிற தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனேன். மேல் வீட்டுக்காரர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஒரே கட்டடம், ஒரே குறை, வழி மட்டும் இரண்டு. இரண்டில் எது என்று இப்போது கேட்டாலும் ரெரா என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பக்கத்தை எனக்குத் தெரிந்தது அவர் வழக்கு ஒன்றின் மூலமாகத்தான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மற்ற வழிகளை நீளமாகப் பேச வேண்டியதில்லை. ரெரா விசாரிக்கக்கூடிய விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு வழி கிடையாது என்று 2016ஆம் ஆண்டு ரெரா சட்டமே சொல்கிறது. தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரெரா வந்த பிறகும் நுகர்வோர் வழி திறந்தே இருக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, தேர்வு நம் கையில். ஒரே நிவாரணத்தை இரண்டு இடத்தில் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

செலவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மேல் வீட்டுக்காரர் வீட்டுக்குக் கொடுத்த விலை 46 லட்சம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான், மனுக் கட்டணம் அவருக்கு 1,000 ரூபாய். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். ரெராவிலும் கட்டணம் பெரிய பாரமாக இல்லை. எனக்குச் செலவு வைத்தது எஞ்சினியர் அறிக்கை, 18,000 ரூபாய். அது எந்தப் பக்கம் போனாலும் வேண்டும்.

என்னை ரெரா பக்கம் தள்ளியது ஒரே ஒரு விஷயம்: கெடு.

நுகர்வோர் சட்டத்தில், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கேட்பதற்கு நிறைய நாள் மாதிரி இருக்கும். ஆனால் மழைநீர் சம்பந்தப்பட்ட வடிவமைப்புக் குறை ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குச் சாவி கைக்கு வந்தது 2022 ஏப்ரலில். டிசம்பரில் மாண்டஸ் புயல் இரவில்தான் முதல் தடவை தண்ணீர் உள்ளே வந்தது. மறுநாளே சொன்னோம். பில்டரின் ஆட்கள் வந்து கதவு ஓரமெல்லாம் சிலிக்கான் அடித்தார்கள். "இனிமே வராது சார், அடுத்த மழைக்குப் பாருங்க" என்றார் சைட் எஞ்சினியர். அடுத்த மழை 2023 டிசம்பர், மிக்ஜாம். திரும்பத் தண்ணீர், திரும்பச் சிலிக்கான், திரும்ப அதே வாக்கியம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்த என் மாமனார் முதுகு நனைந்து எழுந்தார். அன்றைக்குத்தான் போதும் என்று முடிவெடுத்தோம்.

2025 ஜனவரியில் இருவரும் மனு போட்டோம். சாவி வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டாலும் 2 ஆண்டு போய்விட்டது, முதல் புகாரிலிருந்து கணக்கிட்டாலும் போய்விட்டது. மூன்று மழைக்காலப் பொறுமை முழுவதும் பில்டருக்குச் சாதகமாக மாறியிருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் அவருடைய வக்கீல் எடுத்த முதல் ஆட்சேபமே அதுதான். மேல் வீட்டுக்காரர் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டியதாயிற்று. தக்க காரணம் இருந்தால் ஏற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் வருவதால் இது தொடரும் குறை என்றும் அவர் தரப்பில் வாதிட்டார்கள். கடைசியில் மனு ஏற்கப்பட்டது. ஆனால் பால்கனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே ஏழு மாதம் ஓடிவிட்டது.

ரெரா சட்டத்தின் 14(3) பிரிவில் கணக்கு வேறு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் குறையைச் சுட்டிக்காட்டினால், கூடுதல் காசு வாங்காமல் 30 நாளில் பில்டர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. எங்கள் ஒப்பந்தத்தில் குறை சரிசெய்யும் பொறுப்பு ஒரு வருடம் என்று போட்டிருந்தார்கள். சட்டத்தின் 5 ஆண்டுக்கு முன்னால் அது நிற்காது. ஐந்து மழைக்காலம் என்பது இந்த மாதிரிக் குறைக்குப் பொருத்தமான அளவு. கெடு முடிந்துவிட்டதா என்ற பேச்சே என் விசாரணையில் எழவில்லை.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு சிக்கல் உண்டு. கட்டமைப்புக் குறை, வேலைத்தரம், பொருளின் தரம், சேவைகள், ஒப்பந்தக் கடமைகள் என்று சொல்கிறதே தவிர, 'வடிவமைப்பு' என்ற சொல் அதில் இல்லை. "பிளானைக் காட்டித்தானே விற்றோம்" என்றது பில்டர் தரப்பு. அதனால் மனுவில் டிசைன் சரியில்லை என்று எழுதுவதோடு நிற்காதீர்கள். தண்ணீர் உள்ளே வருகிறது, வாட்டம் தலைகீழாக இருக்கிறது என்று நடப்பதை எழுதுங்கள். எங்கள் எஞ்சினியர் பால்கனியில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, மட்டம் வைத்துப் பார்த்து, போட்டோவோடு அறிக்கை கொடுத்தார். வாட்டம் தப்பானது வேலைத்தரக் குறை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பில்டரின் வரைபடத்தில் ஹாலுக்கும் பால்கனிக்கும் ஒரே மட்டம் குறித்திருந்ததையும் காட்டினார். நான்கு மாடியிலும் ஒரே இடத்தில் தண்ணீர் என்பதால், நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை, இன்டீரியர் வேலையில் ஓட்டை போட்டீர்கள் என்ற வாதமும் எடுபடவில்லை.

நுகர்வோர் பக்கத்தின் நல்லதையும் சொல்ல வேண்டும். அங்கே 'சேவைக் குறைபாடு' என்பதன் விளக்கம் விரிவானது. வடிவமைப்புப் பிழையை அதற்குள் கொண்டுவருவது எளிது. பழுது பார்ப்பது, இழப்பீடு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். ரெராவில் எனக்கு இரண்டு மனு: சரிசெய்யச் சொல்லி ஆணையத்துக்கு 'எம்' படிவம், இழப்பீட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் 'என்' படிவம். உத்தரவை மதிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். அந்தப் பயம் பெரிய பயம். ரெரா இழப்பீட்டை வருவாய் வசூல் முறையில், அதாவது நிலவரி பாக்கியை வசூலிப்பது போல, கலெக்டர் அலுவலகம் வழியாகத்தான் வாங்க வேண்டும். மேல்முறையீட்டில் மட்டும் ரெரா கொஞ்சம் கெட்டி. நமக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும் பில்டர் முதலில் கட்ட வேண்டும். மாவட்ட ஆணையத்தின் உத்தரவு என்றால் பாதி கட்டினால் போதும்.

சிலருக்கு இந்தத் தேர்வே கிடையாது. சொந்த மனையில் மேஸ்திரியையோ காண்டிராக்டரையோ வைத்துக் கட்டியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான். 500 சதுர மீட்டரைத் தாண்டாத மனையில், அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்குள், கட்டியதற்கு ரெரா பதிவு தேவையில்லை. 8 வீட்டைத் தாண்டாத கட்டடத்துக்கும் அப்படியே. பழைய வீட்டை இடித்து நாலு ஃபிளாட் போடும் தெருக்களில் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதல் மழையிலேயே நாட்களை எண்ணத் தொடங்கிவிடட்டும். வாட்ஸாப்பில் சொன்னது போதும் என்று இருக்காமல், ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சன்ஷேட் வைப்பது வெளிச்சுவர் வேலை, வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. அதனால் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தீர்மானம் தேவைப்பட்டது. இதை முன்பே செய்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். சங்கமே ரெராவில் புகார் கொடுக்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எட்டு மாதத்தில் உத்தரவு வந்தது. பால்கனி டைல்ஸைப் பெயர்த்து மட்டத்தை இறக்கி, வாட்டத்தை வெளியே திருப்பி, வாசலில் கிரானைட் படி வைத்து, மேலே சன்ஷேட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போயிருக்கிறது, ஹால் நனையவில்லை. ஒரு மழையை வைத்துச் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இழப்பீட்டுப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. மேல் வீட்டில் தண்ணீர் இன்னும் வருகிறது. என் எஞ்சினியர் அறிக்கையின் நகலும் பில்டரின் வரைபடமும் மேல் வீட்டுக்காரருடைய வக்கீலிடம் போயிருக்கின்றன. அடுத்த வாய்தாவுக்கு நானும் கூடப் போகிறேன்.