அம்மாவுக்கு வாங்கின கொமட் கதிரை

கல்லடியில எங்கட வீட்டுக் கக்கூஸ் கிணத்தடிக்கும் அங்கால. போன கார்த்திகை மாரியில அம்மா ராவில ரோச்சும் கையுமாப் போய் வழுக்கி விழுந்தா. எலும்புக்கு ஒண்டுமில்ல. ஆனா வயசு 78. முறிஞ்ச பிறகு வாங்குற கொமட் கதிரைய, அதான் வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்க அடியில வாளி வச்ச கதிரைய, முறிய முதலே வாங்குவம் எண்டு மட்டக்களப்பு டவுனில மருத்துவச் சாமான் விக்கிற கடையொண்டுக்குப் போனன்.

டோஹாவில இருக்கிற தம்பி, "இப்ப எதுக்கு அக்கா, அவ நல்லா நடக்கிறாதானே" எண்டான். நடக்கிற ஆளுக்குத்தான்டா இது. படுக்கையில விழுந்தா வேற சாமான் வேணும்.

கடைக்கு வரமாட்டன் எண்டு அம்மா ஒரே பிடி. அவ பலகையில இருந்து முருங்கையிலை உருவக்குள்ள, முழங்கால் மடிப்பில இருந்து நிலம் வரைக்கும் ஈர்க்கில் வச்சு அளந்து முறிச்செடுத்தன். "என்ன மனே, பெட்டிக்கு அளவெடுக்கிறியா?" எண்டு கேட்டா.

கடைப் பொடியன் முதல்ல காட்டினது சில்லு வச்ச, மினுக்கமான இரும்புக் கதிரை. அது தள்ளிக்கொண்டு போக ஆளிருக்கிற வீட்டுக்கு. தனிய இருந்து எழும்புற ஆள் கையூண்டக்குள்ள சில்லு உருண்டா கதை முடிஞ்சுது. நான் எடுத்தது சில்லில்லாத அலுமினியம். நாலு காலிலயும் றப்பர், பொத்தானை அமத்தி உயரத்தக் கூட்டிக் குறைக்கலாம். ஈர்க்கில் அளவுக்கு விட்டன். பாதம் முழுக்க நிலத்தில படோணும், இல்லாட்டி எழும்பக்குள்ள ஆளைச் சரிக்கும். விலை 16,500 ரூபா. கடற்கரைப் பக்கம் இருக்கிறாக்கள் இரும்ப நினைக்கவே வேணாம். உப்புக்காத்துக்கு எங்கட யன்னல் கம்பியே மூண்டு வருஷம் தாங்கல்ல.

குறை இல்லாமலில்ல. மூடி லூசு. நாலாம் நாளே ஒரு கால் றப்பர் பிளந்துட்டு. கொண்டுபோனா, "பாவிச்ச சாமான் மாத்த ஏலா" எண்டாங்க. இவ்வளவு காசு வாங்கிப்போட்டு ஒரு றப்பருக்கு! ஊண்டுகோலுக்குப் போடுற றப்பரை வேற கடையில வாங்கிப் போட்டன். நீங்க வாங்கினா நாலையும் அங்கயே அமத்திப் பாருங்க. வாளியில முதலே கொஞ்சம் தண்ணி விட்டு வச்சா கழுவுறது லேசு.

மூண்டு கிழமையா அம்மா அதுக்கு மேல காய்ஞ்ச உடுப்பத்தான் மடிச்சு வச்சா. பிறகொரு ராவு நல்ல மழை. தகரச் சத்தத்துக்குள்ள அந்த லூசு மூடி 'டக்' எண்டு கேட்டுது. விடிய எழும்பிப் பாத்தா கிணத்தடியில வாளி கழுவிக் கவிட்டுக் கிடக்கு. நான் ஒண்டும் கேக்கல்ல. மடிச்ச உடுப்பெல்லாம் என்ட கட்டில்ல இருந்தது.