ஒரு காட்டுமாடு, நான்கு மரங்கள்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வழியில் எங்கேயாவது காட்டுமாடு கண்ணில் படும். ஊரில் எல்லாரும் காட்டெருமை என்பார்கள். ஆனால் அது எருமை இனம் அல்ல, மாட்டினம். தோளில் எழும்பி முதுகின் பாதிவரை ஓடும் மேடு, பக்கவாட்டில் விரிந்து மேலே வளையும் கொம்பு, முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தது போன்ற கால்கள். கையடக்கமான மர விலங்குகளைச் செதுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மாட்டைத்தான் திரும்பத் திரும்பச் செய்துவருகிறேன். ஒரே வரைபடம், நான்கு அங்குல நீளம், அதே கத்தி, அதே இரண்டு உளி. மரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தேன்: சில்வர் ஓக், காப்பி, வாகை, வெட்பாலை. நான்கும் சேலம் வட்டாரத்திலேயே கிடைப்பவை.

மரத்துக்கு முன் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிறிய விலங்கு உருவம் உடைகிற இடம் பெரும்பாலும் காலும் கொம்பும்தான். நார் நீளவாக்கில் ஓடினால் மெல்லிய காலும் நிற்கும். குறுக்கே ஓடினால் விரலால் அழுத்தியதும் பிஸ்கட் போலத் துண்டாகிவிடும். காட்டுமாட்டுக்குக் கால் செங்குத்து, கொம்பு பக்கவாட்டு. இரண்டுக்கும் ஒரே கட்டையில் நார் சரியாக அமையாது. முதல் மாட்டின் கொம்பு ஒடிந்தபோது செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மணி, நாரைக் காலுக்குக் கொடுத்துவிடுங்கள். கொம்பின் அடியைத் தடிமனாக விட்டு, நுனியை மட்டும் கடைசி நாளில் இழையுங்கள்" என்றார். அன்றிலிருந்து எந்த மரத்தையும் நான் பார்ப்பது இந்த ஒரு கேள்வியோடுதான்: குறுக்கு நார் வரும் கொம்பில் இது எவ்வளவு தாங்கும்?

சில்வர் ஓக் மிக எளிதாகக் கிடைப்பது. கிழக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரம் காப்பிக்கு நிழலாக நடப்பட்டு, இன்று ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏறாத சில்வர் ஓக்கைக் காண்பது அரிது. மர அறுவை மில்லில் விறகு விலைக்கே துண்டுகள் கிடைக்கும். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் அறுத்த பலகையில் மீன் செதில் போன்ற மினுமினுப்பு தெரியும். மாட்டின் விலாவில் அது விழுந்தால் தோலுக்கடியில் தசை அசைவது போலவே இருக்கும். ஆனால் அந்தச் செதில்தான் கண்ணிலும் குளம்பிலும் கத்தி படும்போது பெயர்ந்து வருகிறது. நுணுக்கம் நிற்பதில்லை. இழைக்கும்போது பறக்கும் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். எனக்கு மணிக்கட்டு முழுவதும் வந்தது. முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் இப்போது இதைத் தொடுவதில்லை. ஒரு சாண் நீளப் படுத்த யானை, ஆமை என்று தடித்த உருவம் செய்பவர்களுக்கு நல்ல மரம். நான்கு அங்குல மாட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

காப்பி மரத்தின் கதையே வேறு. பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவை நடும்போது அடித்தண்டுகள் குவிந்துகிடக்கும். மணிக்கட்டு அளவு தடிமன் இருந்தாலே பெரிது. பாலேட்டின் மஞ்சள் நிறம். நார் அவ்வளவு நெருக்கமானது. கத்தி பட்ட இடம் உப்புத்தாள் போடாமலேயே பளபளக்கும். நாசித் துவாரத்தை ஊசி முனையால் குத்தினால் குத்திய அளவிலேயே நிற்கும். கொம்பு? நான் செய்த நான்கு மாடுகளில் கொம்பு ஒடியாதது காப்பி மாடு மட்டும்தான்.

அதற்குக் கொடுக்கும் விலை கையும் காலமும். கடினமான மரம், பதினைந்து நிமிடத்துக்கொரு முறை கத்தியைத் தோல் பட்டையில் தீட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை வெடிப்பு. தண்டின் நடுக்குருத்தைச் சுற்றி மரம் உலரும்போது நட்சத்திரம் போலப் பிளக்கும். மாமா தோட்டத்திலிருந்து ஒரு மே மாதம் கொண்டுவந்த பச்சைத் தண்டைச் சேலத்து வீட்டு மொட்டைமாடி அறையில் வைத்தேன். மறுநாள் காலை வெட்டுமுகத்தில் ஐந்து பிளவுகள். இப்போது வெட்டியவுடன் இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசி, செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்துவிடுகிறேன். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது மரம் உலர்த்துபவர்களின் பொதுக்கணக்கு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அரபிகா காப்பியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே சுரங்கம் போட்டிருக்கும். அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதுதான் தோட்டக்காரர்களின் வழக்கம். சுரங்கம் தெரிந்தால் எவ்வளவு அழகான தண்டானாலும் தீயில் போட்டுவிடுங்கள், பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவிவிடும்.

வாகையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தம்மம்பட்டி மரச்சிற்பிகள் சாமி உருவங்களையும் வாகனங்களையும் இதில்தான் பெரும்பாலும் செதுக்குகிறார்கள். பெரிய உளியும் கொட்டாப்புளியும் பிடித்த கைகளுக்கு அது இணங்கிப்போகும். என்னைப் போல மடியில் துணி விரித்துச் சிறு கத்தியோடு உட்காருபவர்களுக்கு அடம்பிடிக்கும். நார் ஓர் அடுக்கு இடப்பக்கமும் அடுத்த அடுக்கு வலப்பக்கமுமாகப் பின்னிக்கிடக்கிறது. எந்தத் திசையில் சீவினாலும் ஓரிடத்தில் பிய்த்துக்கொள்ளும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் என் அலமாரியில் முன்வரிசையில் நிற்பது வாகை மாடுதான். காரணம் அதன் இரண்டு நிறம். வாகையின் வைரம், அதாவது நடுக்கட்டை, கரும்பழுப்பு. வெளிப்பக்க வெள்ளை மரம் வெளிறிய மஞ்சள். கட்டையின் அடிப்பகுதியில் வெள்ளையும் மேலே வைரமும் வருமாறு ஒரு துண்டு கிடைத்தது. நார் அதில் கிடைமட்டமாகத்தான் ஓடும் என்று தெரிந்தேதான் எடுத்தேன். கால்களை இரண்டிரண்டாக ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் புல் புதர் ஒன்றை விட்டுத் தாங்கலாக்கினேன். செதுக்கி முடித்தபோது உடல் கறுத்து, முழங்காலுக்குக் கீழ் வெளுத்து, மலையில் பார்த்த அதே மாடு சாயம் ஏதும் தொடாமல் நின்றது. எண்ணெய் பூசிய அந்த மாலையை மறக்க முடியாது. ஆனால் வெள்ளைப் பகுதியை வண்டு விடாது. ஆறு மாதத்தில் குளம்படியில் மாவு கொட்டத் தொடங்கியது. துளைகளில் மருந்து வைத்து அடைத்திருக்கிறேன். காலம் கடந்து நிற்க வேண்டிய பரிசுப்பொருளுக்கு இந்த உத்தியைப் பயன்படுத்தாதீர்கள்.

நான்காவது வெட்பாலை. தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சும் அதே வெட்பாலைதான். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகள் காலங்காலமாகக் கடைசல் பிடிக்கப்படுவதும் இந்த மரத்தில்தான். கிட்டத்தட்டத் தந்த நிறம், சீரான நார். எந்தப் பக்கம் சீவினாலும் கத்தி சொன்னபடி போகும், சீவல் சுருள்சுருளாக விழும். காப்பியின் கூர்மை இதில் இல்லை. கண்ணிமை மடிப்பு வரை போக முடியாது. கொம்பு ஒருமுறை ஒடிந்தது, பசை போட்டு ஒட்டினேன். பச்சையாக அறுத்து மூடிவைத்தால் நீலக்கறை பூத்துவிடும். அறுத்த அன்றே காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் பூசினால் வெண்மை மஞ்சளாகிவிடும், தேன்மெழுகு போதும். மலையடிவாரக் காட்டில் நிற்பதை வெட்டிவர நினைக்கவே கூடாது, அது வனத்துறையின் நிலம். எனக்குக் கிடைத்தது ஒரு விவசாயியின் வரப்போரம் புயலில் சாய்ந்த மரம்.

முதல் உருவம் செதுக்குபவர் யாராக இருந்தாலும் நான் வெட்பாலையைத்தான் கொடுப்பேன். தவறு செய்ய இடம் கொடுத்து, அதேசமயம் கத்தியின் போக்கைக் கற்றுத்தரும் மரம் அது. பத்து உருவம் முடிந்த பிறகு காப்பிக்குப் போகலாம். என் மனம் இருப்பதும் காப்பியில்தான்.

மற்றவற்றை நான் நீண்ட நாள் முயலவில்லை. கல்யாண முருங்கை தக்கை போல மெத்தென்றிருக்கும். கத்தி சற்று மழுங்கினாலும் நசுங்கிவிடும். இணையத்தில் விற்கும் பாஸ்வுட் அருமையான மரம், ஆனால் வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வருவதற்கேற்ற விலை. சந்தனத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். சேர்வராயன் மலைச் சந்தனம் திருட்டில் அழிந்தது போதும்.

எந்த மரமானாலும் ஏற்காட்டில் செதுக்கிச் சேலத்தில் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனியும் மழையுமாக இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே வெயிலில் காய்கிறது. ஐப்பசி மழையில் மாமா வீட்டுத் திண்ணையில் முடித்த வெட்பாலை மாடு, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிவந்து, பங்குனியில் வயிற்றோரம் விரிசல் விட்டது. இப்போது கட்டையை முதலில் கீழே கொண்டுவந்து இரண்டு மாதம் வைத்த பிறகே கத்தியைத் தொடுகிறேன்.

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வருகிறான். முயல் செய்ய வேண்டுமாம். வெட்பாலைத் துண்டு ஒன்றைச் சதுரமாக அறுத்து, மெழுகு பூசி எடுத்துவைத்திருக்கிறேன். அதன்மேல் பென்சிலால் முயலையும் வரைந்தாயிற்று, நார் ஓடும் திசையிலேயே காதுகள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்குமாறு.