டார்ப்பரா, சிவப்பு மாசாயா? தராசு சொல்லாத கணக்கு

கென்யாவில் இந்த இரண்டு செம்மறியையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்தால் யார் கண்ணும் முதலில் டார்ப்பர் மேல்தான் விழும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, திரண்ட தொடை. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் கருந்தலை பாரசீக ஆட்டையும் சேர்த்து, கறிக்கென்றே உருவாக்கிய இனம். சிவப்பு மாசாய் அதன் அருகே நோஞ்சானாகத் தெரியும்: செம்பழுப்பு நிறம், கொழுத்த வால், சின்ன உருவம். எடை போட்டு விற்றால் அது தோற்கும், சந்தேகமே இல்லை.

ஆனால் மழை பெய்து புல் தழைத்ததும் ஆட்டம் மாறிவிடும். காரணம் ஹீமாங்கஸ் என்ற புழு. குடற்புழு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது குடியிருப்பது நான்காம் இரைப்பையில். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது சுமார் 0.05 மில்லி ரத்தம்தான். 5,000 புழு சேர்ந்தால் 250 மில்லி, அதாவது இரண்டு டீ கிளாஸ் ரத்தம், தினமும். ஆட்டின் கீழிமையை விரலால் இறக்கிப் பாருங்கள்: செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய இடம் காகிதமாய் வெளுத்திருக்கும். இன்னும் முற்றினால் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும்.

1990-களில் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் மொம்பாசாவுக்குத் தெற்கே டியானி கடற்கரைப் பகுதியில் இரு இனங்களையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தது. சிவப்பு மாசாயின் புழுக்கையில் புழு முட்டை குறைவு, ரத்தத்தில் சிவப்பணு அதிகம். குட்டிச் சாவு டார்ப்பரில்தான் கூடுதல்.

பொதுவாக, எதிர்ப்புத்திறன் உள்ள ஆட்டின் இரைப்பைச் சுவரில் ஐஜிஏ எதிர்ப்பொருளும் ஈயோசினோஃபில் வெள்ளணுக்களும் புழுவின் இளம்பருவத்தையே மடக்குகின்றன. தப்பிப் பிழைத்த பெண் புழுவும் வளர்ச்சி குன்றி, குறைவாகவே முட்டையிடும். எனக்கு இதில் பெரிய லாபமாகப் படுவது வேறொன்று. முட்டை குறைந்தால் மேய்ச்சல் நிலமே சுத்தமாகிறது; பக்கத்தில் மேயும் ஆட்டுக்கும் அது பாதுகாப்பு. ஆனால் இந்தச் சக்தி பிறவியிலேயே முழுதாய் வந்துவிடாது. முதல் சில மாதங்களில் எந்தக் குட்டியும் பலவீனம்தான். ஈனும் சமயத்தில் தாய்க்கும் அது கொஞ்சம் இறங்கும்.

டார்ப்பருக்குப் பரிந்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஈரமில்லாத வறண்ட மேய்ச்சலில் புழுவின் குஞ்சுகள் புல்லில் பிழைக்காது. அங்கே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது; உடம்பு பெரிதாக இருப்பது பயன் தரும். அந்த இடத்தில் நானும் டார்ப்பரையே வாங்குவேன்.

‘ஈரமான இடத்திலும் பூச்சி மருந்து கொடுத்துச் சமாளிக்கலாமே’ என்பார்கள். கொடுக்கலாம். மருந்துக்கு மசியாத புழுக்கள் கென்யாவில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. அடிக்கடி கொடுக்கக் கொடுக்க அவைதான் பெருகும்.

அப்படியானால் கலப்பினம்? 1970-களின் நடுவில் கென்யாவில் மானியத்தோடு டார்ப்பர் கிடாக்கள் பரப்பப்பட்டன. முதல் கலப்பு பார்க்க நன்றாக இருக்கவே, கால்நடை மேய்த்து வாழும் மாசாய் மக்கள் மேலும் மேலும் டார்ப்பரோடே சேர்த்தார்கள். எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதுவரை சிவப்பு மாசாய் லட்சக்கணக்கில் இருந்தது. 1992-இல் அந்த ஆராய்ச்சி நிறுவனம் கென்யாவிலும் வட தான்சானியாவிலும் தேடியபோது கலப்பில்லாதவை என்று கிடைத்தவை மிகச் சொற்பம். அவற்றை வைத்துத் தொடங்கிய சிறு மந்தையிலும் பிற்பாடு சோதித்தபோது வேற்று இன ரத்தம் கலந்திருந்தது.