மதுரைச் சாலையும் மலை இறக்கமும்: ஓடிப் பார்த்ததில் தெரிந்தவை

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சில வருடங்களாகப் போட்டி ஓட்டங்களில் கலந்துகொள்கிறேன். பரிசு வாங்குகிற ஆள் இல்லை. கூட்டத்தின் நடுவில் வந்து சேர்கிறவன். புதிதாகப் பணம் கட்டப் போகிறவர்கள் டி-ஷர்ட்டும் பதக்கமும் எப்படி என்று கேட்கிறார்கள். நான் விசாரிப்பது வேறு: எத்தனை மணிக்குக் கிளப்பிவிடுவார்கள், கடைசி ஐந்து கிலோமீட்டரில் தண்ணீர் இருக்குமா.

நம் ஊரில் அரை மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) வெயில்தான் தீர்மானிக்கிறது. ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வரும். 5 மணிக்குக் கொடியசைத்தால், இரண்டரை மணி நேரம் எடுப்பவரும் வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் முடித்துவிடலாம். சிறப்பு விருந்தினருக்காக ஆறரை வரை நிற்கவைத்தால், மரமே இல்லாத புறவழிச் சாலையில் ஒன்பது மணி வரை வேக வேண்டியதுதான்.

தண்ணீர் விஷயத்தில் முன்னால் ஓடுகிறவர்களுக்குக் குறையே தெரியாது. ஒரு போட்டியில் பதினேழாவது கிலோமீட்டர் மேசையில் எனக்கு மிஞ்சியது காலி கேனும் நசுங்கிய பேப்பர் கப்பும்தான். எதிரே டீக்கடைக்காரர், "இந்தாங்க தம்பி, பாத்துக் குடிங்க, விக்கிக்கப் போகுது" என்று சொம்பை நீட்டினார். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ வைக்கிற அமைப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு.

ஓடி முடித்ததும் நடக்கிற தகராறு, "என் வாட்ச்ல 21.4 காட்டுதே!" முறையாக அளக்கும் தடங்களில் வளைவுகளின் உள்ஓரத்தை ஒட்டி, மிகக் குறுகிய வழியில், சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளை ஓட்டி அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நாமோ சாலை முழுக்க அலைந்து ஓடுகிறோம், வாட்ச் கூடத்தான் காட்டும். உள்ளூர்ப் போட்டிகள் எல்லாவற்றிலும் இப்படி அளக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முந்நூறு மீட்டருக்குச் சண்டை போடுவது வீண்.

மலை ஓட்டம் தனி உலகம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைச் சாலையைப் பார்த்ததும் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றம் பரவாயில்லை. அடியைச் சுருக்கி, மூச்சு இரைத்தால் கொஞ்சம் நடந்து, வளைவில் செங்குத்தான உள்பக்கத்தை விட்டு வெளிப்பக்கமாகப் போனால் சமாளித்துவிடலாம். ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதில்தான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் விழுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவோம், அதற்கடுத்த நாள் குத்தவைத்து உட்காரவே முடியாது.

இதற்கு மருந்து, போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு நல்ல இறக்கத்தில் ஓடிவிடுவது. ஒருமுறை அடிபட்ட தசை அடுத்தமுறை அவ்வளவு நோகாது. மதுரைக்காரர்களுக்கு அழகர்மலை இருக்கிறது. கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் சாலை தோதான இடம். கையில் வாழைப்பழம் மட்டும் வேண்டாம். அங்கே குரங்குகள் நம்மைவிட வேகம். ஷூ லேஸை மேல் ஓட்டை வரை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். தார்ச் சாலைக்குச் சாதாரண ரோடு ஷூவே போதும். மலை ஓட்டம் என்றதும் கடைக்காரர் எடுத்து வைக்கிற பல் வைத்த ஷூ, மண் பாதைக்கு.

கொடைக்கானல் பக்கம் ஓடுவதானால் மதுரை வேகத்தை மறந்துவிடுங்கள். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். காற்றில் அழுத்தம் குறைவு, மூச்சு சீக்கிரம் வாங்கும். அப்புறம், மலை மேல் முடிகிற போட்டியென்றால் இறங்க வண்டி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றாலும் அது நிறைந்த பிறகுதான் கிளம்பும். காய்ந்த பனியன் ஒன்றை மேலே போகிற சாமான் வண்டியில் போட்டுவிடுங்கள்.