எங்கே, எப்போது: மூளையை ஆராய எஃப்.எம்.ஆர்.ஐ.யா, இ.இ.ஜி.யா?

‘தெரு’ என்ற சொல்லைப் படிக்கும்போது கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. வாய் முதலில் ஒலிப்பதோ தகர மெய். ‘திரு’ என்ற சொல்லில் இந்த முரண் இல்லை. எழுத்தின் வரிசையும் ஒலியின் வரிசையும் இப்படி மாறி நிற்கும் இடத்தில் தமிழ் படிக்கும் மூளை என்ன செய்கிறது என்று ஆராய விரும்பும் மாணவி ஒருவர் புதுச்சேரியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கருவியை நாடுவது என்பதே அவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு.

பெரும்பாலோர் மனத்தில் முதலில் வருவது எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. சிவப்பும் மஞ்சளுமாகச் சில பகுதிகள் ஒளிரும் அதன் மூளைப் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். அந்த நிறங்கள் நரம்பணுக்களின் மின்துடிப்பைக் காட்டுவதாக எண்ணுவது இயல்பு. ஆனால் கருவி அளப்பது இரத்தத்தை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும். மூளையின் ஒரு பகுதி மும்முரமாக இயங்கும்போது தேவைக்கும் மிஞ்சிய அளவில் அங்கே புது இரத்தம் பாய்வதால், அந்தக் குலைவு குறைந்து சமிக்ஞை உயர்கிறது. செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளின் மூளையில் இதைக் காட்டினார்; 1992இல் மனித மூளையிலும் இதே முறை பயன்பட்டது.

இதன் வலிமை இடத்தைத் துல்லியமாகச் சொல்வது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள கனசதுரங்களாக மூளை முழுவதையும், அதன் ஆழத்தில் உள்ள பகுதிகளையும் சேர்த்து, பிரித்துக் காட்டிவிடும். குறை காலத்தில் இருக்கிறது. ஒரு சொல்லைப் பார்த்தபின் இரத்தத்தின் பதில் உச்சத்தை எட்ட ஐந்தாறு விநாடிகள் ஆகும். சொல்லைப் படித்துப் பொருள் கொள்வதோ அரை விநாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே, கொம்பைக் கண்டது முன்பா, மெய்யோடு அதைச் சேர்த்தது முன்பா என்ற கேள்வியை இக்கருவியிடம் கேட்டால், இரண்டும் ஒரே மெல்லிய மேடாகக் கலந்துதான் வரும்.

இ.இ.ஜி. இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்ட முறை இது. ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே திசையில், ஒரே நேரத்தில் இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தைத் தலைமேல் ஒட்டிய மின்முனைகள் பிடிக்கின்றன. அளவு சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே, ஆயினும் விநாடிக்கு ஆயிரம் முறை பதியலாம். மீனவர் வலை வீசி ‘நாற்காலி’ பிடித்தார் என்று படித்தால், பொருந்தாத அந்தச் சொல்லைக் கண்டு ஏறத்தாழ 400 மில்லி விநாடியில் ஓர் எதிர்மறை அலை எழும். மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டறிந்தது அது. ஆனால் மண்டையோடு மின்புலத்தைக் கலைத்துப் பரப்பிவிடுவதால், அலை எங்கிருந்து எழுந்தது என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

நடைமுறையில் இன்னும் சில வேறுபாடுகள் உண்டு; நம் ஊரில் இவற்றைக் கருத்தில் கொள்ளாமல் திட்டமிட முடியாது. இ.இ.ஜி. எடுக்க வருபவர் தலைக்கு எண்ணெய் வைக்காமல், நன்றாக அலசிவிட்டு வர வேண்டும். கடற்கரைப் புழுக்கத்தில் தலை வியர்த்தால் பதிவு மெதுவாக ஏறி இறங்கும் என்பதால், குளிரூட்டிய அறை இங்கே ஆய்வின் அடிப்படைத் தேவை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையுமுன் மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களிடம் இதை முன்கூட்டியே பேசி, மஞ்சள் கயிறு ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது மரியாதை. அந்தக் குறுகிய குழாயின் பேரொலியில் அசையாமல் படுத்திருப்பது எல்லோராலும் இயலாது. சிறு குழந்தைகளுக்கு மிகவும் கடினம். மேலும் ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்குக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கும்போது, எம்.ஆர்.ஐ. நேரம் முதலில் அவர்களுக்கே உரியது. அது சரியும்கூட.

உடலில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இந்தக் கேள்விக்கு வேண்டாம். அதற்கு உதவும் கதிரியக்க ஆக்சிஜன்-15இன் அரை ஆயுள் இரண்டே நிமிடம் என்பதால், அதைப் பயன்படுத்த அருகிலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி தேவை. நலமாக உள்ள ஒருவருக்கு இதற்காகக் கதிரியக்கம் கொடுப்பதையும் நான் ஏற்க மாட்டேன். மூளையின் மின்னோட்டம் எழுப்பும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி. காலத்தையும் இடத்தையும் ஓரளவு ஒருங்கே தரும். அதற்குக் காந்தத் தடுப்பு அறை வேண்டும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும்.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். 2009இல் கிரேக் பென்னெட்டும் அவருடைய குழுவினரும் இறந்த சால்மன் மீன் ஒன்றை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் வைத்து, மனிதப் புகைப்படங்களைக் காட்டினர். ஆயிரக்கணக்கான கனசதுரங்களைத் தனித்தனியே சோதிக்கும்போது சில தற்செயலாகவே ஒளிரக்கூடும்; அதற்கான திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டபோது, அந்த மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ஒளிர்ந்தன. திருத்தியபின் அவை மறைந்தன. இ.இ.ஜி.யிலும் மின்முனைகளும் மில்லி விநாடிகளும் பல என்பதால் இதே ஆபத்து உண்டு. எந்த மின்முனையை, எந்த நேர இடைவெளியில் பார்க்கப்போகிறோம் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கு முன்மாதிரி இருக்கிறது. லோரான் கோயனும் ஸ்தானிஸ்லாஸ் தெஹேனும் அவர்களுடைய குழுவினரும் 2000இல், இடப்பக்க மூளையின் அடிப்பகுதியில் சொல்வடிவத்தை அடையாளம் காணும் பகுதியை விவரித்தபோது, எஃப்.எம்.ஆர்.ஐ.யால் இடத்தையும் மின்பதிவால் காலத்தையும் நிறுவினர்.

நம் மாணவி இ.இ.ஜி.யில் தொடங்கட்டும் என்பதே என் தீர்ப்பு, ஏனெனில் அவருடைய கேள்வி அடிப்படையில் ‘எப்போது’ என்பது. ‘தெரு’, ‘திரு’ போலக் குறி இடப்புறமும் வலப்புறமும் அமைந்த, நீளத்திலும் பழக்கத்திலும் ஒத்த சொல்லிணைகளைத் தேர்ந்து அவர் காட்ட வேண்டும். இரு வகைச் சொற்களுக்கான அலைகளும் 200 மில்லி விநாடிக்கு முன்பே பிரிந்தால், வடிவத்தைக் காணும் கட்டத்திலேயே வேறுபாடு தொடங்குகிறது என்று கொள்ள இடமுண்டு. அதற்கு வெகு பிந்திப் பிரிந்தால், எழுத்தை ஒலியாக மாற்றும் கட்டத்தைச் சந்தேகிக்கலாம். அப்படி ஒரு பிரிவு தெளிவாகத் தென்பட்ட பிறகு, மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. நேரம் கேட்டு அவர் விண்ணப்பிக்கலாம்.